ஓடிக்கொண்டிருப்பதைக் காப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொல்லங்கோடு, முதலமடை, சித்தூர், கோவிந்தாபுரம், பொள்ளாச்சி, மூணாறு, மறையூர் என்று கேரள-தமிழக எல்லையின் இரு பக்கமிருந்தும் கிளம்பிப்போய்க் கிளவுட் வேலையிலும் டெவ்ஆப்ஸ் வேலையிலும் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு,



உங்களில் சிலர் கோவை சரவணம்பட்டியிலும் கொச்சி இன்ஃபோபார்க்கிலும் பெங்களூரிலும் இருக்கிறீர்கள். சிலர் 2020க்குப் பிறகு ஊர்ப்பக்கம் திரும்பி, நெல்லியாம்பதி மலை தெரியும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறீர்கள். இருக்குமிடம் எதுவானாலும் பலருக்கும் அன்றாட வேலை ஒன்றுதான்: கன்டெய்னர் கிளஸ்டர்களைக் கிளவுடில் நிறுவும் ஸ்கிரிப்ட்டுகளைக் கட்டிக் காப்பது. டெர்ராஃபார்ம் ஃபைல்கள், ஆன்சிபிள் பிளேபுக்குகள், ஹெல்ம் சார்ட்டுகள், நடுநடுவே யாரோ எழுதிவைத்த பாஷ் ஸ்கிரிப்ட்டுகள். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். ரெப்போ உங்கள் பொறுப்புக்கு வந்திருக்கும்.

கல்யாண வீட்டிலோ ஊர்த் திருவிழாவிலோ பார்க்கும்போது உங்களில் பலர் என்னிடம் கேட்பதும் ஒரே கேள்விதான். "அண்ணா, பழைய ஸ்கிரிப்ட்டையே பார்த்துட்டு இருக்கேன். புதுசா பண்ற டீமுக்கு மாறிடட்டுமா? இதை வெச்சு என்ன பேரு வரப்போகுது?" பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை இது. அதனால் எல்லாருக்குமாகச் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுவும் ஸ்கிரிப்ட்டை ஒருமுறை ஓடவைப்பது இந்த வேலையின் தொடக்கம் மட்டுமே. ஆறு மாதம் கழித்தும், இரண்டு வருடம் கழித்தும், எழுதியவர் இல்லாத நாளிலும் அது ஓட வேண்டும். அப்படி ஓடவைப்பவர்தான் முழு வேலையையும் செய்கிறவர். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நடந்தவற்றையே சாட்சியாக வைக்கிறேன்.

2023 மார்ச் 14 அன்று அமெரிக்காவின் ரெடிட் தளம் 314 நிமிடம் முடங்கிக் கிடந்தது. என்ன நடந்தது என்பதை அதன் பொறியாளர்களே பிறகு வெளிப்படையாக எழுதினார்கள். தொடங்கியது வழக்கமான ஓர் அப்கிரேடு: ஒரு கிளஸ்டரில் குபெர்நெட்டிஸை 1.23 வெர்ஷனிலிருந்து 1.24க்கு உயர்த்தினார்கள். கிளஸ்டரை நடத்தும் தலைமை நோடுகளுக்கு 'மாஸ்டர்' என்று ஒரு லேபிள் இருந்துவந்தது. அதை எடுத்துவிட்டு 'கன்ட்ரோல் பிளேன்' என்ற லேபிளை வைக்கப்போவதாக, 2020 கடைசியில் வந்த 1.20 வெர்ஷனிலேயே அறிவித்திருந்தார்கள். 1.24இல் பழைய லேபிள் அடியோடு போனது. ரெடிட்டின் அந்தக் கிளஸ்டரிலோ, கேலிகோ நெட்வொர்க்கின் ரூட் ரிஃப்ளெக்டர்களாக எந்த நோடுகள் இயங்க வேண்டும் என்பது அந்தப் பழைய லேபிளை வைத்தே தீர்மானிக்கப்பட்டிருந்தது. லேபிள் போனதும் ரூட் ரிஃப்ளெக்டர்கள் இல்லாமல் போயின. கிளஸ்டருக்குள் நெட்வொர்க்கே அறுந்தது.

அந்த ஏற்பாட்டைப் பல வருடங்களுக்கு முன்பு முந்தைய டீம் ஒன்று செய்துவைத்திருந்தது. எந்த ஸ்கிரிப்ட்டிலும் அது எழுதப்படவில்லை. அப்படி ஒன்று இருப்பதை அறிந்தவர்கள் எல்லாரும் வேறு பொறுப்புக்கோ வேறு கம்பெனிக்கோ போய்விட்டார்கள். கடைசியில் பேக்கப்பிலிருந்து கிளஸ்டரை மீட்பது என்று முடிவெடுத்தபோது அடுத்த சிக்கல் வந்தது. மீட்கும் வழிமுறை, ஆதரவு முடிந்துபோன ஒரு வெர்ஷனுக்காக, டாக்கர் இருந்த காலத்தில் எழுதப்பட்டது. கிளஸ்டர் அதற்குள் க்ரை-ஓ ரன்டைமுக்கு மாறியிருந்தது. தளம் விழுந்து கிடக்கும் நேரத்தில், அந்த வழிமுறையைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

திறமைக்கு அங்கே பஞ்சமில்லை. லேபிள் மாறப்போகும் செய்தியையும் அந்தப் பழைய ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்க்க ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். அந்த ஆளாக இருப்பதே உங்கள் வேலை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததும் இதே வகை. டேட்டாபேஸ் ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்டு, பேக்கப்பைத் தேடினார்கள். தினமும் பேக்கப் எடுக்க ஸ்கிரிப்ட் இருந்தது. ஆனால் டேட்டாபேஸ் 9.6 வெர்ஷனுக்குப் போயிருக்க, ஸ்கிரிப்ட் 9.2 வெர்ஷன் கருவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் தோற்றது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சலும் போய்ச் சேராமல் திருப்பி அனுப்பப்பட்டது. நல்லவேளையாக ஒரு பொறியாளர் வேறு ஒரு வேலைக்காக எடுத்துவைத்திருந்த நகல் கிடைத்தது. அப்படியும் சுமார் 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். ஸ்கிரிப்ட் இருக்கிறது என்பதும் ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள்.

ஓர் எழுத்தைக்கூட மாற்றாத ஸ்கிரிப்ட் ஏன் நின்றுபோகிறது என்று வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் கேட்பார்கள். அது நிற்கும் தரை நகர்ந்துகொண்டே இருக்கிறது. குபெர்நெட்டிஸில் வருடத்துக்கு மூன்று வெர்ஷன் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறத்தாழ 14 மாதம்தான். 2019இல் 1.16 வந்தபோது, அதுவரை எல்லாரும் டெப்ளாய்மென்ட்டுக்கு எழுதிவந்த பழைய ஏபிஐ நீங்கியது. 2021இல் 1.22 வந்தபோது இன்கிரஸின் பீட்டா ஏபிஐ போனது. 2022 மே மாதம் 1.24 வந்தபோது டாக்கரை நேரடியாகப் பயன்படுத்தும் டாக்கர்ஷிம் நீக்கப்பட்டது. அதே வருடம் 1.25இல் பாட் செக்யூரிட்டி பாலிசி இல்லாமல் போனது. எல்லாமே முன்கூட்டி அறிவித்துச் செய்தவை. அறிவிப்பைப் படித்தவர்களுக்கு அது ஒரு மத்தியான வேலை. படிக்காதவர்களுக்கு ஒரு ராத்திரி முழுக்கக் கண்விழிப்பு.

இமேஜ்களும் பேக்கேஜ்களும் இருக்கும் இடமும் மாறுகிறது. குபெர்நெட்டிஸின் பழைய இமேஜ் ரெஜிஸ்ட்ரி 2023 ஏப்ரல் 3 அன்று உறைய வைக்கப்பட்டது. அதன் பிறகு வந்த வெர்ஷன்கள் புதிய முகவரியில் மட்டுமே கிடைத்தன. லினக்ஸ் சர்வர்களுக்கான பழைய பேக்கேஜ் களஞ்சியம் அதே ஆண்டு செப்டம்பரில் உறைந்தது. 2024 தொடக்கத்தில் அது எடுத்தே விடப்பட்டது. பழைய முகவரியை நேரடியாக எழுதிவைத்திருந்த ஸ்கிரிப்ட், ஏற்கெனவே ஓடும் கிளஸ்டரை ஒன்றும் செய்யாது. புது நோடு ஒன்றைச் சேர்க்க வேண்டிவரும் நாளில்தான் கையை விரிக்கும். பெரும்பாலும் அது கூட்டம் அலைமோதும் நாளாக இருக்கும், ஏனென்றால் அன்றுதானே கூடுதல் நோடு தேவைப்படுகிறது.

யாரும் தொடாமல் விட்டாலே விழும் கிளஸ்டர்களும் உண்டு. கியூப்அட்மின் கொண்டு நிறுவும்போது உள்ளுக்குள் பயன்படும் பெரும்பாலான சான்றிதழ்களின் ஆயுள் ஒரு வருடம். அப்கிரேடு செய்தால் அவை தானாகப் புதுப்பிக்கப்படும். 'நல்லா ஓடிட்டு இருக்கு, கை வைக்காதே' என்று ஒரு வருடம் விட்டுவைத்தவர்களுக்கு, ஒருநாள் காலையில் கிளஸ்டரோடு பேசவே முடியாது.

உரிமமும் மாறும். 2014இலிருந்து திறந்த உரிமத்தில் இருந்துவந்த டெர்ராஃபார்மை, ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்ட் 10 அன்று கட்டுப்பாடுள்ள உரிமத்துக்கு மாற்றியது. சில வாரங்களிலேயே அதன் திறந்த கிளையாக ஓப்பன்டோஃபு பிறந்து லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போனது. 2024 ஜனவரியில் அதன் முதல் நிலையான வெர்ஷன் வந்தது. எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்க வேண்டியவர் அந்த ஸ்கிரிப்ட்டுகளைக் கையில் வைத்திருப்பவர். பொறுப்பில்லாத வேலை என்று இதை எப்படிச் சொல்வது?

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. மீன்கரை அணையும் சுள்ளியாறு அணையும் கட்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் இரண்டாம் விளைச்சலுக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வாய்க்காலில் புல் வெட்டி, மண் அள்ளி, மதகைச் சரிபார்த்தாக வேண்டும். செய்யாத வருடம் அணையில் தண்ணீர் நிறைந்திருந்தும் கடைமடைக்கு வந்து சேராது. அணை கட்டியவர்கள் பெயருக்குக் கல்வெட்டு இருக்கிறது, தூர்வாரியவர்கள் பெயருக்கு இல்லை. கடைமடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், தன் நெல்லுக்கு யார் காரணம் என்று.

பராமரிக்காமல் விடுவதற்குப் பணக் கணக்கும் உண்டு. மேலாளரிடம் பேசும்போது இது உதவும். அமேசானின் நிர்வகிக்கப்பட்ட குபெர்நெட்டிஸ் சேவையில், ஆதரவுக் காலத்துக்குள் இருக்கும் வெர்ஷன் என்றால் ஒரு கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர். 2024 ஏப்ரல் முதல், காலம் கடந்த வெர்ஷனில் நீட்டிப்பு ஆதரவோடு இருந்தால் அதுவே 0.60 டாலர். ஒரு கிளஸ்டருக்கு மாதம் சுமார் 73 டாலர் என்பது 438 டாலர் ஆகிறது. அதில் ஓடும் மெஷின்களின் வாடகை தனி. பத்துக் கிளஸ்டர் வைத்திருக்கும் கம்பெனிக்கு இந்த வித்தியாசமே ஓர் இளம் பொறியாளரின் சம்பளத்தைத் தாண்டிவிடும். அதோடு, தலைமை நோடுகளை வெர்ஷன் தாண்டித் தாண்டி உயர்த்த முடியாது. ஒவ்வொரு படியாகத்தான் ஏற வேண்டும். 1.24இல் நின்றுவிட்டவர் 1.30க்கு வர வேண்டுமானால் ஆறு அப்கிரேடு. தள்ளிப்போட்ட வேலை தானாகக் குறையாது, ஏறும்.

இதெல்லாம் ஏதோ பெருநிறுவனங்களின் பாடு என்று நினைக்க வேண்டாம். 2018இல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சாகத் தொடங்கியது. பொள்ளாச்சியில் ஒரு பிள்ளை அதை ஃபோனில் காட்டினால் திக்‌ஷா தளத்திலிருந்து பாடம் வந்தது. 2017இல் தொடங்கிய அந்தத் தேசியத் தளம், எக்ஸ்டெப் ஃபவுண்டேஷன் உருவாக்கிய சன்பேர்டு என்ற திறந்த மூலத் தொகுதியின் மேல் நிற்கிறது. சன்பேர்டை நிறுவும் ஆன்சிபிள் ஸ்கிரிப்ட்டுகளும் எல்லாரும் பார்க்கும்படி பொதுவில் இருக்கின்றன. 2023இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் திக்‌ஷாவுக்கு ஆரக்கிள் கிளவுடைத் தேர்ந்தெடுத்தது. நாடு முழுவதும் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பயன்படுத்தும் ஒரு தளத்தை ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கிளவுடின் பெயர், அதன் ஸ்டோரேஜ் முகவரி, அதற்கே உரிய கட்டளை எங்கெல்லாம் ஸ்கிரிப்ட்டுக்குள் புதைந்திருக்கிறதோ, அங்கெல்லாம் தோண்ட வேண்டும். நிறுவும் ஸ்கிரிப்ட் சுத்தமாக இருந்தால் மட்டுமே அரசுக்கு வாடகை வீட்டை மாற்றும் சுதந்திரம் இருக்கும்.

அதே தளத்தைப் பற்றி 2023 ஜனவரியில் இன்னொரு செய்தியும் வந்தது. பூட்டப்படாமல் கிடந்த ஒரு கிளவுட் ஸ்டோரேஜ் வழியாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், ஃபோன் எண், மின்னஞ்சல் வெளியே தெரியும்படி இருந்தது. ஒரு ஸ்டோரேஜ் யாருக்குத் திறந்திருக்கிறது என்பது ஒரு வரி அமைப்பு. அந்த வரி ஸ்கிரிப்ட்டில் இருந்து, ஸ்கிரிப்ட்டை யாராவது தவறாமல் ஓட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தால், இப்படிப்பட்ட கதவுகள் மாதக்கணக்கில் திறந்து கிடக்காது. கிளவுடில் பாதுகாப்பு என்பது பெருமளவுக்கு இந்த நிதானமான சரிபார்ப்புதான்.

நல்ல எடுத்துக்காட்டும் உண்டு: பெங்களூரின் ஈகவ் ஃபவுண்டேஷன் 2003இல் தொடங்கியது. நகராட்சிகளுக்காக அவர்கள் உருவாக்கிய டிஜிட் தளத்தோடு, அதைக் கிளவுடில் எழுப்பும் டெர்ராஃபார்ம் ஃபைல்களையும் ஹெல்ம் சார்ட்டுகளையும் தனி ரெப்போவாகத் திறந்து வைத்திருக்கிறார்கள். பஞ்சாபின் எம்சேவா அந்தத் தளத்தின் மேல் இயங்குகிறது. ஒரு மாநிலத்தில் ஒருவர் ஸ்கிரிப்ட்டில் திருத்திய வரி இன்னொரு மாநிலத்தில் வீட்டுவரி கட்டுகிறவருக்கு உதவுகிறது. நம் கேரளத்திலும் 2024 ஜனவரி 1 அன்று நகரங்களில் தொடங்கிய கே-ஸ்மார்ட், 2025இல் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு வந்துவிட்டது. கொல்லங்கோட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் தாய்க்குக் கன்டெய்னர் என்றால் என்ன என்று தெரிய வேண்டியதில்லை. பக்கம் திறக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மாதிரிப் பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும் ஆட்கள் நீங்கள்.

இனி, இந்த வேலையைச் செய்கிறவர்களின் நிலைமை. கிளஸ்டருக்குள் வரும் போக்குவரத்தைப் பிரித்து அனுப்பும் இன்கிரஸ்-என்ஜின்எக்ஸ் உலகெங்கும் எண்ணற்ற கிளஸ்டர்களின் வாசலில் நிற்கிறது. நம் ஸ்கிரிப்ட்டுகளில் பலவும் அதைக் கூப்பிடுகின்றன என்றால் உங்களில் யாரும் மறுக்கமாட்டீர்கள். 2025 மார்ச்சில் அதில் மிகக் கடுமையான பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. நவம்பரில், 2026 மார்ச்சோடு அதன் பராமரிப்பை நிறுத்துவதாகக் குபெர்நெட்டிஸ் குழு அறிவித்தது. காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னார்கள்: பல வருடங்களாக ஒருவரோ இருவரோதான், வேலை முடிந்த பிறகும் வார இறுதியிலும், சொந்த நேரத்தில் அதைக் கவனித்துவந்தார்கள். உதவிக்கு ஆள் கேட்டும் போதிய ஆள் வரவில்லை.

இந்தச் செய்தி என்னை வெகுவாகப் பாதித்தது. இத்தனை பேர் பயன்படுத்தும் ஒன்றுக்கு இரண்டு பேர். பயன்படுத்திய கம்பெனிகளில் ஆயிரத்தில் ஒன்று, வாரம் ஒரு நாள் ஓர் ஆளை அனுப்பியிருந்தாலும் கதை வேறாக இருந்திருக்கும். உங்கள் டீமுக்குள்ளும் இதே நிலைமை சின்ன அளவில் இருக்கிறது. எல்லாரும் ஓடவைக்கும் ஸ்கிரிப்ட்டுக்கு ஒரே ஒருவர் பொறுப்பு. அவர் லீவு போட முடியாது, ஃபோனை அணைக்க முடியாது, உடம்பு சரியில்லாமல் படுக்க முடியாது. அது பெருமை என்று அவரையே நம்பவைத்திருக்கிறார்கள். எந்த ஸ்கிரிப்ட்டுக்கும் இரண்டு பேர் என்பதைக் குறைந்தபட்ச நியாயமாகக் கேளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பவை சில இருக்கின்றன.

கிளவுட் கன்சோலைத் திறந்து கையால் மாற்றும் பழக்கத்தை விடுங்கள். அவசரத்தில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அந்த மாற்றத்தை ஸ்கிரிப்ட்டுக்குள் கொண்டுவாருங்கள். டெர்ராஃபார்ம் பிளானைத் தினமும் தானாக ஓடவிட்டு, எழுதியிருப்பதற்கும் இருப்பதற்கும் வித்தியாசம் வந்தால் டீமுக்குச் செய்தி வரும்படி செய்யுங்கள். ரெடிட்டை விழவைத்த ஏற்பாடு இப்படி ஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்டிருந்தால் யாராவது 'இது என்ன?' என்று கேட்டிருப்பார்கள்.

வெர்ஷன்களை எண்ணோடு எழுதுங்கள். 'லேட்டஸ்ட்' என்று எழுதிய இமேஜ், நேற்று ஒன்றாகவும் இன்று வேறாகவும் இருக்கும். டெர்ராஃபார்மின் லாக் ஃபைலைக் கிட்டில் சேருங்கள். ஸ்டேட் ஃபைலை ஒருபோதும் சேர்க்காதீர்கள். பாஸ்வேர்டுகள் அதில் அப்படியே தெரியும். அதைப் பூட்டும் வசதியுள்ள தனி இடத்தில், பழைய பிரதிகளோடு வையுங்கள். எண்ணைக் கட்டிவைத்தால் போதாது, அவிழ்க்கும் நாளையும் குறித்துவையுங்கள். புது வெர்ஷன் வந்ததும் தானாகத் திருத்தக் கோரிக்கை எழுப்பும் ரெனவேட், டிபெண்டபாட் போன்ற கருவிகள் இருக்கின்றன. அவை எழுப்பும் கோரிக்கைகளைக் குவியவிடாமல் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள். முக்கியமான இமேஜ்களை உங்கள் சொந்த ரெஜிஸ்ட்ரியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வெளியே யாரோ முகவரி மாற்றினால் உங்கள் கிளஸ்டர் பட்டினி கிடக்கக் கூடாது.

பேக்கப்பை மீட்டுப் பார்க்காதவரை அதைப் பேக்கப் என்று கணக்கில் எழுதாதீர்கள். எட்சிடி ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம் என்பதோடு நிற்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஒரு காலிக் கிளஸ்டரில் இறக்கி, அப்ளிகேஷன் எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவையுங்கள். விழுந்த நாளில் மேலாளர் கேட்கும் முதல் கேள்விக்கு அந்த எண்தான் பதில்.

காரணத்தை எழுதுங்கள். இந்த வரி என்ன செய்கிறது என்பதை ஸ்கிரிப்ட்டே சொல்லும். ஏன் 30 நொடி காத்திருக்கிறது, ஏன் இந்த நோடுகளை மட்டும் தனியாக வைத்திருக்கிறோம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பின்னால் வரப்போகிறவர் அதைப் படித்துத்தான் நீக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். டீமில் எல்லாரும் தமிழும் மலையாளமும் பேசுகிறவர்கள் என்றால், இக்கட்டான இடங்களை அந்த மொழியிலேயே பேசி ஒரு வீடியோவாகப் பதிவுசெய்து வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுந்தவருக்குத் தாய்மொழியில் சொன்னது சீக்கிரம் புரியும்.

பயன்படாததை அழிக்கும் தைரியமும் வேண்டும். நான்கு வருடம் முன்பு நின்றுபோன ஒரு ப்ராஜெக்ட்டின் மாட்யூலை, 'இருந்துட்டுப் போகட்டும்' என்று விட்டுவைத்தால், அடுத்து வருகிறவர் அதையும் படித்து, அதற்கும் பயந்து, அதையும் அப்கிரேடு செய்வார். கிட்டில் பழையது பத்திரமாக இருக்கும். அழியுங்கள்.

இப்போது இன்னொரு பேச்சும் வந்திருக்கிறது. ஏஐ கருவியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் கிளஸ்டர் ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறதே, இனி நாம் எதற்கு என்று சிலர் கலங்குகிறீர்கள். எழுதித் தருகிறது, உண்மை. நன்றாகவும் எழுதுகிறது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் இரண்டு வருடம் முன்பு நீக்கப்பட்ட ஏபிஐயையும் அதே தன்னம்பிக்கையோடு எழுதித் தரும். எழுதுவது எளிதாக ஆக, ஸ்கிரிப்ட்டுகள் பெருகும். பெருகுவதையெல்லாம் யாராவது படித்து, சோதித்து, பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும். உங்கள் வேலைக்குத் தேவை கூடத்தான் செய்யும்.

'இதை வெச்சு என்ன பேரு வரப்போகுது' என்ற கேள்விக்கும் வருகிறேன். ரெஸ்யூமேயில் 'டெர்ராஃபார்ம் தெரியும், குபெர்நெட்டிஸ் தெரியும்' என்று எழுதாதீர்கள், எல்லாரும் எழுதுகிறார்கள். 'இத்தனை கிளஸ்டரை இத்தனை வெர்ஷன் வழியாக, பயனாளருக்குத் தெரியாமல் உயர்த்தினேன். காலி அக்கவுண்ட்டிலிருந்து முழுச் சூழலை எழுப்ப முன்பு இத்தனை நாள் ஆனது, இப்போது இத்தனை நிமிடம். பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டினேன்' என்று, உங்கள் உண்மையான எண்களைப் போட்டு எழுதுங்கள். நேர்காணல் எடுக்கும் இடத்தில் உட்காரும் அனுபவஸ்தர்கள் இந்த மூன்று வரிக்காகத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் நிறையக் கிடைக்கிறார்கள். கட்டியதை நம்பி ஒப்படைக்கத்தக்க ஆட்கள் குறைவு.

டீம்களை நடத்தும் நம் ஊர் மூத்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் ஒரே வேண்டுகோள்: எதுவும் விழாமல் கடந்த மாதத்துக்கும் யாரோ உழைத்திருக்கிறார்கள். விழுந்ததை ராத்திரி எழுந்து தூக்கி நிறுத்தியவருக்குக் கைதட்டும் நீங்கள், விழாமல் பார்த்துக்கொண்டவரின் பெயரையும் மதிப்பீட்டில் எழுதுங்கள். பொறியியல், பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். பிள்ளைகள் கடைசி வருட ப்ராஜெக்ட்டாகப் புதிய ஒன்றைக் கட்டுகிறார்கள், மதிப்பெண் வாங்குகிறார்கள், அது அங்கேயே கிடந்து மடிகிறது. முந்தைய ஆண்டு மாணவர்கள் கட்டியதை இந்த ஆண்டு மாணவர்கள் ஓடவைத்து, உயர்த்தி, ஆவணப்படுத்தட்டும். அதற்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். 2001இலேயே ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, பள்ளிக் கணினிகளைத் திறந்த மென்பொருளுக்குக் கொண்டுவந்து, அவ்வப்போது புதுப்பித்து வைத்திருக்கும் மாநிலம் நம் கேரளம். பராமரிப்பைப் பாடமாக்க நமக்குத் தகுதி இருக்கிறது.

தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்க நினைத்த கடைசி விஷயம் இது. ஓணத்துக்கோ தீபாவளிக்கோ பொங்கலுக்கோ லீவு சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, டீமில் கடைசியாகச் சேர்ந்தவரைக் கூப்பிடுங்கள். ஒரு காலிக் கிளவுட் அக்கவுண்ட்டையும் ரெப்போவின் முகவரியையும் மட்டும் கொடுங்கள். உங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவர் ஒரு கிளஸ்டரை எழுப்பி, ஓர் அப்ளிகேஷனை அதில் ஓடவைத்து, பிறகு முழுவதையும் கலைத்துவிடட்டும். அவர் எங்கெல்லாம் தடுக்கி நிற்கிறாரோ, அதையெல்லாம் இருவருமாக உட்கார்ந்து அந்த வாரமே திருத்துங்கள். அடுத்த பண்டிகைக்கு அவர் லீவு போடும்போது, அவருக்குப் பிறகு சேர்ந்தவரிடம் அவர் இதையே செய்யட்டும்.

அன்புடன்,
உங்கள் தொழிலில் உங்களுக்கு முன்னே வந்த ஓர் அண்ணன்,
கொல்லங்கோடு